அப்பா அம்மாவின் முதுமைப் பராமரிப்பு: பணம், ஆள், பத்திரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அம்மா பக்கவாதம் வந்து நாலரை வருஷம் படுக்கையில் இருந்தார். திருச்சியில் எங்கள் வீட்டில் வைத்துத்தான் பார்த்துக்கொண்டோம். இப்போது மாமனாருக்கு 81 வயது, நடமாட்டம் குறைந்துகொண்டே வருகிறது. அம்மா போனதற்கு அப்புறம் உறவிலும் தெருவிலும் யாராவது ஒருவர் வாரம் தவறாமல் கூப்பிட்டு, "அக்கா, எவ்வளவு ஆச்சு, யாரை வச்சீங்க, வீட்டை எழுதிக் குடுக்கலாமா" என்று கேட்கிறார்கள். கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால் மொத்தமாக எழுதிவிட்டேன். நான் வக்கீலும் இல்லை, டாக்டரும் இல்லை. பத்திரம், வரி விஷயங்களில் உங்கள் ஊரில் தெரிந்தவரிடம் ஒரு முறை காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

நீண்டகாலப் பராமரிப்பு என்று தனியாக எதைச் சொல்கிறீர்கள்? அதுவும் மருத்துவச் செலவுதானே?

இல்லை, இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறோம். ஆஸ்பத்திரிச் செலவு ஒரு தடவை வரும், லட்சத்தில் வரும், டிஸ்சார்ஜ் ஆனதும் நின்றுவிடும். பராமரிப்புச் செலவு மாதா மாதம் வரும், எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள மனசும் வராது. குளிப்பது, உடை மாற்றுவது, சாப்பிடுவது, கழிப்பறை போவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, நடப்பது ஆகிய ஆறு வேலைகளில் எத்தனையை அவரால் தானாகச் செய்ய முடியவில்லை என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு மூன்று போய்விட்டது என்றால் இன்னொரு மனிதர் முழு நேரமும் பக்கத்தில் வேண்டும். நோயின் பெயரைவிட இந்தக் கணக்குதான் செலவைத் தீர்மானிக்கிறது. சர்க்கரையும் பிபியும் இருந்து தானாக நடமாடுகிறவருக்கு ஆகும் செலவு கொஞ்சம். ஒரு வியாதியும் இல்லாமல் இடுப்பு எலும்பு மட்டும் உடைந்து படுத்துவிட்டவருக்கு ஆகும் செலவு மலை.

மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுத்து வைத்திருக்கிறோமே, அதில் வராதா?

வராது. நம் ஊரில் விற்கும் பாலிசிகள் ஆஸ்பத்திரியில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்கானவை. அதோடு சேர்ந்து, சேர்வதற்கு முன்னும் பின்னும் சில நாட்களுக்கான மருந்து, பரிசோதனைச் செலவு வரும், அவ்வளவுதான். வீட்டில் ஆள் வைப்பது, டயப்பர், தினசரிப் பராமரிப்பு எதுவும் அதில் அடங்காது. 70 வயது தாண்டிய எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் வருஷத்துக்கு 5 லட்சம் என்று மத்திய அரசு 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கிய ஆயுஷ்மான் காப்பீட்டு விரிவாக்கமும் அப்படித்தான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் அப்படித்தான். இரண்டுமே ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான்.

சிங்கப்பூரில் சொந்தக்காரர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அங்கே 2020இல் கேர்ஷீல்டு லைஃப் என்று கொண்டுவந்தார்கள். நான் மேலே சொன்ன ஆறு வேலைகளில் மூன்றைச் செய்ய முடியாமல் போனால் மாதா மாதம் பணம் வரும். ஜெர்மனியில் 1995இலும் ஜப்பானில் 2000இலும் பராமரிப்புக்கென்றே கட்டாயக் காப்பீடு வந்துவிட்டது. தமிழ்நாட்டில் 60 வயது தாண்டியவர்கள் மக்கள்தொகையில் 13.6 சதவீதம் என்பது 2021க்கான கணிப்பு, நாட்டில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. ஆனால் இந்தச் செலவை ஏற்கும் பொதுக் காப்பீடு நம்மிடம் இல்லை. ஆக, இது குடும்பத்தின் கைப்பணம்தான் என்று நினைத்தே கணக்குப் போடுங்கள்.

அதற்காக மெடிக்கல் பாலிசியை விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் ஒரே ஒரு ஐ.சி.யூ. பில் பராமரிப்புக்கு வைத்திருந்த பணத்தை எல்லாம் வாரிக்கொண்டு போய்விடும். 65 வயதுக்கு மேல் புது பாலிசி கிடையாது என்ற தடையை 2024இல் எடுத்துவிட்டார்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருக்கும் காலம் அதிகபட்சம் 3 வருஷம். மூத்த குடிமக்களின் பிரீமியத்தை வருஷத்தில் 10 சதவீதத்துக்கு மேல் கூட்ட வேண்டுமானால் கம்பெனி முதலில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலந்தாக வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. தனிநபர் பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை.

மாதம் எவ்வளவுதான் ஆகும்? உண்மையான கணக்கு சொல்லுங்கள்.

நான் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருந்தேன். 2022இல் ஒரு சாதாரண மாதம் இது. வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்குச் சம்பளம் 24,000, அவருடைய சாப்பாட்டுக்கு 4,000. டயப்பர் ஒரு நாளைக்கு மூன்று வீதம் 3,500. கையுறை, விரிப்பு ஷீட், பவுடர், ஈரத்துணி எல்லாம் சேர்த்து 1,200. மாத்திரை 4,500. பிசியோதெரபி ஒரு தடவைக்கு 500 என்று 12 தடவை, 6,000. யூரின் டியூப் மாற்ற வரும் நர்ஸுக்கு 800. டாக்டர் வீட்டுக்கு வந்து பார்க்க 1,000. கூட்டிப் பாருங்கள், 45,000. இது திருச்சிக் கணக்கு, சென்னையில் கூடும், சின்ன ஊரில் ஆள் சம்பளம் குறையும். ஆனால் டயப்பர் விலை எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

இதில் சேராதது ஆரம்பச் செலவு. தலைப்பக்கம் உயர்த்தும் கட்டில், காற்று மெத்தை, சக்கர நாற்காலி, கழிப்பறைக்குப் பதிலாக உட்காரும் ஓட்டை நாற்காலி. எல்லாமே வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் வாடகை ஐந்தாறு மாதத்தில் விலையைத் தாண்டிவிடும். கட்டிலை நாங்கள் பழசாக 9,000க்கு வாங்கி, அம்மாவுக்கு அப்புறம் இன்னொரு வீட்டுக்குச் சும்மா கொடுத்தோம். காற்று மெத்தையை மட்டும் புதுசாகவே வாங்குங்கள். பழசில் மோட்டார் நடுராத்திரியில் நின்றுவிட்டால் விடிவதற்குள் முதுகு சிவந்துவிடும்.

அப்படியானால் எவ்வளவு சேர்த்து வைக்க வேண்டும்?

எத்தனை வருஷம் என்பது யார் கையிலும் இல்லை, எங்களுக்கு 54 மாதம். மாதம் 45,000 என்றால் 24 லட்சத்து 30 ஆயிரம். இன்று உங்கள் அப்பாவுக்கு 68 வயது, பத்து வருஷம் கழித்துத்தான் தேவைப்படும் என்று வைத்துக்கொண்டால், செலவு வருஷத்துக்கு 8 சதவீதம் ஏறினால்கூட அதே 45,000 அப்போது சுமார் 97,000 ஆகியிருக்கும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இந்த எண்ணை ஒரு தடவை காகிதத்தில் பார்த்தவர்கள்தான் ரிட்டயர்மென்ட் பணத்தை முழுசாக எடுத்துப் பையனின் பிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்காமல் நிறுத்துகிறார்கள்.

மொத்தத் தொகையை நினைத்து மலைக்க வேண்டாம். மாதத் துண்டு எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். அம்மாவுக்குக் குடும்ப பென்ஷன் 18,000 வந்தது. மீதி 27,000தான் நாங்கள் அடைக்க வேண்டியிருந்தது.

அந்தத் துண்டை அடைக்கப் பணத்தை எங்கே போடலாம்?

வயதான காலத்துப் பணத்துக்கு இரண்டே குணம்தான் முக்கியம், முதல் கரையக் கூடாது, மாதா மாதம் கைக்கு வர வேண்டும். போஸ்ட் ஆபீஸிலும் பேங்க்கிலும் இருக்கும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 60 வயது ஆனவர் 30 லட்சம் வரை போடலாம். 2023 ஏப்ரலிலிருந்து 8.2 சதவீதம் தருகிறார்கள். போடும் நாளில் இருக்கும் வட்டி ஐந்து வருஷத்துக்கும் மாறாது. முழுசாக 30 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 61,500, அதாவது மாதம் 20,500. கணவன் மனைவி இருவரும் தனித்தனியாகப் போடலாம். அதற்கு மேல் போஸ்ட் ஆபீஸ் மாத வருமானத் திட்டத்தில் ஒருவர் பெயரில் 9 லட்சம், 7.4 சதவீதத்தில் மாதம் 5,550. இரண்டையும் கூட்டினால் 26,050. நான் சொன்ன 27,000 துண்டு கிட்டத்தட்ட அடைபட்டுவிடுகிறது.

39 லட்சம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். எங்களிடமும் இல்லை. 15 லட்சம் இருந்தது, மீதியை இரண்டு அண்ணன்களும் நானுமாக மூன்று பேரும் பங்கு போட்டோம், அம்மாவின் நகையில் ஒரு பகுதியை விற்றோம். அம்மாவின் நகையை அம்மாவுக்காக விற்பதில் தப்பே இல்லை. "பேத்திக்குன்னு வச்சிருந்தாங்களே" என்று யாராவது பேசினால் பேசட்டும்.

ஒரு எச்சரிக்கை. இந்த வட்டி ஏறாது, ஆள் சம்பளம் ஏறும். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பூட்டாமல், ஆறு மாதச் செலவை உடனே எடுக்கிற மாதிரித் தனியாக வையுங்கள். வருமான வரியில் பழைய முறையில் இருப்பவர்களுக்கு 60 தாண்டிய பெற்றோரின் பிரீமியத்துக்கு 50,000 வரை கழிவு உண்டு. பாலிசியே இல்லாத பெற்றோர் என்றால் மருத்துவச் செலவையே அந்த வரம்புக்குள் காட்டலாம், ஆனால் ரொக்கமாகக் கொடுத்தது செல்லாது.

வீட்டோடு ஆள் வைக்கிறோம். எதைப் பார்த்து வைப்பது?

முதல் ஏஜென்சியில் நாங்கள் நன்றாகவே பட்டோம். ஒரு மாதச் சம்பளம் அட்வான்ஸ் வாங்கினார்கள், பத்து நாளுக்கு ஒரு ஆள் மாறினார், மூன்றாவதாக வந்த பெண்ணுக்கு டியூப்பில் உணவு கொடுக்கவே தெரியவில்லை, நிறுத்திக்கொண்டபோது அட்வான்ஸ் திரும்பி வரவில்லை. எழுத்தில் எதுவும் வாங்காதது எங்கள் தவறு. சம்பளத்தில் வேலைக்கு வருபவரின் கைக்கு எவ்வளவு போகிறது, மாதத்தில் எத்தனை நாள் லீவு, லீவு நாளில் மாற்று ஆள் யார், ஆள் மாறினால் புது ஆளுக்கு யார் பழக்குவார்கள், அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும் என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஆதார் நகலும் போலீஸ் சரிபார்ப்பும் கேட்கத் தயங்காதீர்கள்.

ஆள் நல்லவரா என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது ஒரே ஒரு விஷயம். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இடது பக்கம், மல்லாக்க, வலது பக்கம் என்று. கட்டிலுக்கு மேலே காலண்டர் தாளின் பின்பக்கத்தை ஒட்டி, புரட்டிய நேரத்தை எழுதச் சொல்லியிருந்தேன். எங்களோடு கடைசி மூன்று வருஷம் வேலைக்கு இருந்த பெண், பெரம்பலூர்ப் பக்கத்துக்காரர், எழுதப் படிக்கத் தெரியாது. எழுதுவதற்குப் பதில் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு போடுவார், இடது பக்கம் என்றால் சாய்ந்த கோடு. ராத்திரி இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் அந்தக் கோடு இருக்கும். அந்த மூன்று வருஷத்தில் ஒரு படுக்கைப் புண்கூட வரவில்லை. அதற்கு முன்னால் வந்திருந்தது, வால் எலும்புக்கு மேலே ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சிவப்பாகத்தான் ஆரம்பித்தது, ஒரே வாரத்தில் குழி விழுந்தது, ஆற நாலு மாதம் ஆயிற்று. தினமும் குளிப்பாட்டும்போது நீங்களே ஒரு தடவை முதுகையும் குதிகாலையும் பாருங்கள். ஆள் வைத்துவிட்டோம் என்று விட்டுவிடாதீர்கள்.

அந்த மாதிரி ஆளை வைத்துக்கொள்ள வேண்டுமானால் அவருக்குத் தனியாகப் படுக்க ஒரு இடம், நேரத்துக்குச் சாப்பாடு, மாதம் நாலு நாள் வீட்டுக்குப் போக லீவு, தீபாவளிக்குச் சேலையோடு போனஸ் எல்லாம் கொடுங்கள். நாலு நாளும் நாம்தான் செய்ய வேண்டும், செய்து பார்த்தால்தான் அவர் செய்வது என்ன வேலை என்று தெரியும்.

இருக்கும்போதே வீட்டைப் பிள்ளைகள் பேருக்கு எழுதிவிடலாமா?

வேண்டாம். என்னிடம் கேட்கிற எல்லோருக்கும் இதைத்தான் முதலில் சொல்கிறேன், நானே ஒரு மகளாக இருந்துகொண்டு சொல்கிறேன். கடைசிவரை வீடும் டெபாசிட்டும் அவர்கள் பேரிலேயே இருக்கட்டும். போன பிறகு யாருக்கு என்பதை உயிலில் எழுதலாம். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயம் இல்லை, இரண்டு சாட்சி போதும், மனசு மாறினால் மாற்றி எழுதலாம். இருக்கும்போதே சொத்தை மாற்றிக் கொடுக்கும் செட்டில்மென்ட் பத்திரம் அப்படி இல்லை, எழுதிப் பதிந்தால் போனது போனதுதான்.

ஏதோ காரணத்தால் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், ஆயுள் முழுக்க அந்த வீட்டில் வசிக்கவும் வாடகை வாங்கவும் எனக்கே உரிமை என்றும், என்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் எழுதிக் கொடுக்கிறேன் என்றும் பத்திரத்திலேயே வர வேண்டும். "அன்பின் காரணமாக" என்று மட்டும் பத்திரம் எழுதுபவர் வழக்கமாக அடித்துத் தருவார், அதோடு விடாதீர்கள். 2007ஆம் வருஷத்துப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிக்கும் நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ள வழி தருகிறது. அந்த நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் ஒரு வழக்கில் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில், முதியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று சொல்லி, ஒரு தாய் மகனுக்குக் கொடுத்த சொத்தைத் திரும்பக் கொடுத்தது. எழுத்தில் இருந்தால் இந்த அலைச்சலே வேண்டாம்.

எழுதிக் கொடுத்தாகிவிட்டது. இப்போது பிள்ளை பார்ப்பதில்லை. என்ன செய்வது?

அதே சட்டத்தின்படி வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். இந்த மனுக்களை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கு அந்தக் கோட்டாட்சியர்தான் தலைவர். வெள்ளைத்தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தால் போதும், பெரிய கோர்ட் செலவு இல்லை. பராமரிப்புத் தொகை மாதம் 10,000 வரை உத்தரவிடலாம், நோட்டீஸ் போய் 90 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மேல்முறையீடு கலெக்டரிடம். மகன் மட்டும் இல்லை, மகளும் வயதுவந்த பேரப்பிள்ளைகளும் பொறுப்பு. பிள்ளை இல்லாதவர்கள், தங்கள் சொத்து யாருக்குப் போகுமோ அந்த உறவினரிடம் கேட்கலாம். பெரியவர்களைக் கொண்டுபோய் எங்காவது விட்டுவிட்டு வருவது மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்கு உரிய குற்றம். எங்கே போவது என்றே தெரியாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம்.

வீடு இருக்கிறது, கையில் காசு இல்லை. வீட்டை வைத்து மாத வருமானம் கிடைக்குமா?

தலைகீழ் அடமானக் கடன் என்று 2007இலிருந்தே ஒரு வழி இருக்கிறது. 60 வயது தாண்டியவர் தான் குடியிருக்கும் சொந்த வீட்டைப் பேங்க்கில் வைத்தால், பேங்க் மாதா மாதம் பணம் தரும், அவர் உயிரோடு இருக்கும்வரை அங்கேயே இருக்கலாம். அவருக்கும் துணைவருக்கும் பிறகு பிள்ளைகள் கடனைக் கட்டி வீட்டை எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் பேங்க் விற்றுக் கடன் போக மீதியைக் கொடுத்துவிடும். வரும் பணத்துக்கு வரியும் இல்லை. நல்ல திட்டம்தான், ஆனால் நான் விசாரித்த இரண்டு கிளைகளிலும் மேனேஜருக்கே இதைப் பற்றிச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை, எங்கள் பக்கத்தில் எடுத்தவர் யாரையும் நான் பார்த்ததும் இல்லை.

நடைமுறையில் நடப்பது மாடியையோ பின்பக்கப் போர்ஷனையோ வாடகைக்கு விடுவதுதான். ஒத்திக்கு விடுவதை மட்டும் யோசித்துச் செய்யுங்கள். மொத்தமாக ஐந்து லட்சம் கைக்கு வரும், செலவாகிவிடும், மூன்று வருஷம் கழித்து அவர் காலி செய்யும்போது அதே ஐந்து லட்சத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பெரிய வீட்டை விற்றுவிட்டு, லிஃப்ட் உள்ள சின்ன வீட்டுக்குப் போவதும் நல்ல யோசனையே, 70 வயதுக்குள் செய்தால். 80இல் ஊர் மாற்றினால் அவர்களுக்குத் தெருவும் தெரியாது, முகமும் தெரியாது.

அப்பாவுக்கு மறதி ஆரம்பித்திருக்கிறது. பேங்க், பவர் பத்திரம் எல்லாம் என்ன செய்ய வேண்டும்?

இன்றே செய்யுங்கள். பவர் பத்திரம் வாங்கி வைத்துக்கொண்டால் போதும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கொடுத்தவரின் மனநிலை தெளிவாக இருக்கும்வரைதான் நம் சட்டத்தில் அது செல்லும், அவர் நினைவு தப்பிவிட்டால் பவரும் போய்விடும். சரியாக நமக்குத் தேவைப்படும் நேரத்தில்தான் அது கைவிடுகிறது. அதற்குப் பிறகு அவர் பேரில் இருப்பதை விற்கவோ எடுக்கவோ கோர்ட்டுக்குப் போய்க் காப்பாளர் நியமனம் வாங்க வேண்டும். கோமாவில் இருந்த கணவருக்கு மனைவியைக் காப்பாளராக 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் நியமித்தது, அதற்கே அந்தப் பெண் மேல்முறையீடு வரை போக வேண்டியிருந்தது.

அதனால் அவர் கையெழுத்துப் போடும் காலத்திலேயே சேமிப்புக் கணக்கை "இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்" என்று ஜாயின்ட் ஆக்குங்கள். டெபாசிட்டுக்கும் அப்படியே, ஆனால் முதிர்வுக்கு முன்னால் உடைக்க இரண்டு பேர் கையெழுத்தும் கேட்பார்கள், ஒருவர் கையெழுத்தில் உடைக்கலாம் என்ற ஒப்புதலைப் போடும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். நாமினி என்பவர் பணத்தை வாங்கிக் கொடுப்பவர்தான், வாரிசு ஆகிவிட மாட்டார், அதனால் நாமினியும் வேண்டும், உயிலும் வேண்டும்.

கையெழுத்து நடுங்கிப் போனவர்கள் சாட்சியோடு கைநாட்டு வைக்கலாம். 70 தாண்டியவர்களுக்கு பேங்க் வேலைகளை வீட்டுக்கே வந்து செய்து தர வேண்டும் என்று ரிசர்வ் பேங்க் 2017இலேயே சொல்லிவிட்டது, கிளையில் கேளுங்கள். பென்ஷன் வாழ்நாள் சான்றையும் முகத்தைக் காட்டி மொபைலிலேயே கொடுக்கலாம். படுத்த படுக்கையானவர்களுக்குப் பதிவு அலுவலர் கட்டணம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்து பத்திரம் பதிவார், பலருக்கும் இது தெரியாததால் ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

முதியோர் இல்லத்தில் விடுவது தப்பா?

தப்பு இல்லை. பிள்ளைகள் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் பூட்டிய கதவுக்குள் ஒரு நாள் முழுக்கத் தனியாக இருப்பதைவிட, நாலு பேர் பேசும் இடம் நல்லது என்று என் சித்தி தானே முடிவு செய்து கோயம்புத்தூர்ப் பக்கம் போனார், சந்தோஷமாக இருக்கிறார். ஆனால் "படுத்த படுக்கையாகிவிட்டால் வைத்துக்கொள்வீர்களா" என்ற கேள்வியை முதலில் கேளுங்கள். நிறைய இடங்களில் நடமாட்டம் உள்ளவர்களைத்தான் எடுப்பார்கள், விழுந்துவிட்டால் கூட்டிக்கொண்டு போகச் சொல்வார்கள். முதியவர்களுக்கென்றே கட்டிய வில்லாவை வாங்கிக் குடியேறும் இடங்களிலும் அப்படித்தான், வீட்டு விலை வேறு, மாதப் பராமரிப்பு வேறு, சாப்பாடு வேறு, ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வது இன்னும் வேறு. டெபாசிட்டில் எவ்வளவு திரும்பும், எத்தனை நாளில், யார் கையில் என்று ஒப்பந்தத்தில் படியுங்கள். அரசிடம் பதிவு செய்த இல்லமா என்று பாருங்கள். சொல்லாமல் ஒரு நாள் ராத்திரி ஏழரை மணிக்குப் போய், எத்தனை பேருக்கு எத்தனை ஆள் இருக்கிறார்கள் என்று எண்ணிவிட்டு வாருங்கள். வாசனையே பாதி சொல்லிவிடும்.

சேமிப்பும் இல்லை, வீடும் இல்லை என்கிறவர்களுக்கு என்ன வழி?

ஆதரவற்ற ஏழை முதியவர்களுக்கு மாநில அரசின் முதியோர் உதவித்தொகை உண்டு, 2023இல் மாதம் 1,200 ஆக உயர்த்தினார்கள். போதாது, ஆனால் விடாதீர்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிபி மாத்திரை வீட்டுக்கே வரும், படுக்கையில் இருப்பவர்களுக்குப் பிசியோதெரபியும் வலி தணிக்கும் பராமரிப்பும் வீட்டிலேயே கிடைக்கும், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். அம்மாவுக்குக் கடைசி ஒரு வருஷம் அப்படி ஒரு நர்ஸ் வந்தார். நாங்கள் காசு கொடுத்து வரவழைத்தவர்களைவிட அவர் டியூப் மாற்றியது நிதானமாக இருந்தது. சென்னையில் கிண்டியில் முதியவர்களுக்கென்றே 200 படுக்கையோடு அரசு மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறந்தார்கள்.

அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்குள் செலவை எப்படிப் பிரிப்பது?

வருமானத்தை வைத்துப் பிரியுங்கள், தலையை எண்ணிப் பிரிக்காதீர்கள். அப்புறம், கூட வைத்துப் பார்த்துக்கொள்கிறவரின் உழைப்பைப் பணமாக எழுதுங்கள். எங்கள் வீட்டில் பெரியண்ணன் ஷார்ஜாவில், சின்னண்ணன் பெங்களூரில். நான் ஸ்கூல் வேலையை விட்டேன். முதல் வருஷம் மூன்று பேரும் செலவைச் சரிசமமாகப் போட்டோம், நானும் ஒரு பங்கு. ஒரு நாள் சின்னண்ணி வந்து ஒரு வாரம் தங்கி எல்லாம் பார்த்துவிட்டு ஊருக்குப் போனதும், "அவ பங்கை நாம போடணும்" என்று இரண்டு அண்ணன்களிடமும் அவராகப் பேசியிருக்கிறார். அதற்கு அப்புறம் நான் பணம் போடவில்லை. பில்லை எல்லாம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் எடுத்துப் போட்டுவிடுவேன், ஒரு ரூபாய் சண்டை வந்ததில்லை. எல்லா வீட்டிலும் அப்படி ஒரு அண்ணி இருக்க மாட்டார்கள், அதனால் முதல் மாதமே நீங்களாகவே கேளுங்கள். வருஷத்தில் பதினைந்து நாள் பார்த்துக்கொள்கிறவருக்கு முழு லீவு கொடுத்து, வெளியூரில் இருப்பவர் வந்து உட்கார வேண்டும் என்பதையும் பேசிவிடுங்கள்.

கடைசி நேரத்தில் வென்டிலேட்டர் வைப்பதா வேண்டாமா என்று யார் சொல்வது?

அவரேதான் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று இதை ஒப்புக்கொண்டது, 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சியோடு எழுதி, நோட்டரியிடமோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். மீள வழியில்லாத நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம், என் சார்பில் யார் பேசுவார் என்று அதில் எழுதலாம். அம்மாவிடம் இதைக் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. கடைசியில் ஐ.சி.யூ. வாசலில் நின்று மூன்று பேரும் மூன்று விதமாகப் பேசினோம், அந்தப் பதினொரு நாளை நினைத்தால் இன்னும் நெஞ்சு அடைக்கிறது.

இதையெல்லாம் அவர்களிடம் எப்படிப் பேச ஆரம்பிப்பது?

நல்ல நாளில், உடம்பு நன்றாக இருக்கும்போது, காசைப் பற்றி இல்லாமல் விருப்பத்தைப் பற்றிக் கேளுங்கள். மாமனாரிடம் நான் ஒரு மாலை காபி கொடுத்துவிட்டு, "மாமா, நடக்க முடியாமப் போனா எந்த ரூம்ல இருக்கணும்னு நெனைக்கிறீங்க" என்று மட்டும்தான் கேட்டேன். கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அந்த முன் ரூம்தாம்மா, தெரு தெரியும்" என்றார். மறுநாள் காலையில் பீரோவைத் திறந்து, பாஸ்புக், பென்ஷன் ஆர்டர், வீட்டுப் பத்திரம், அத்தையின் இறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு என் கையில் கொடுத்தார். பையோடு ஒரு தாளும் இருந்தது, எந்தப் பேங்க்கில் எவ்வளவு, யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று அவர் கையெழுத்திலேயே. பால்காரருக்குக் கொடுக்க வேண்டிய 340 ரூபாய்கூட அதில் எழுதியிருந்தது. அடுத்த வாரம் முன் ரூம் குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி போட ஆளை வரச் சொல்லியிருக்கிறோம்.